வீட்டுக்குப் பழகிய தண்ணீர்

"தமிழ்நாட்டோட கடைசிப் பேயை வர்ற ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள்ள ஒழிச்சிடுவேன்" என்று குமரகுரு அறிவித்தபோது அவன் கையில் குழாயை வளைக்கிற ஒரு பிவிசி எல்போ இருந்தது. அதைச் செங்கோல் மாதிரி பிடித்திருந்தான். "அதுக்கப்புறம் அந்த வார்த்தையையே அகராதியிலேர்ந்து எடுத்துடலாம். தேவைப்படாது."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குமரகுருவுக்கு விளையாட்டாகப் பேச வராது. எங்கள் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கிய யாருக்குமே அது வந்ததாகத் தகவல் இல்லை. நான் அவனோடு அதே வகுப்பில் படித்து, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் தாளில் இன்னமும் அரியர் வைத்திருப்பவன். ஆனாலும் கொளத்தூரில் பெரிய மீன்தொட்டி வைக்கிற வீடுகளுக்கு இப்போது குழாய் வேலை செய்வது நான்தான். பல்கலைக்கழகத்துக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. தண்ணீர் பெரிய மனதோடு நடந்துகொள்கிறது.

பேய் அவன் வீட்டுக் கூடத்தில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், கூடத்தில் இருந்த நாலடி மீன்தொட்டிக்குக் கீழே, ஃபில்டர் பெட்டிக்குள், ஒரு கறுப்பு ஸ்பாஞ்சில் இருந்தது.

அவன் அப்பா தணிகாசலம் மாநகரப் பேருந்தில் கண்டக்டர். போன வருடம் டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. இப்போது குமரகுருவுக்கு நெதர்லாந்தில், ராட்டர்டாம் துறைமுகத்தில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். அம்மா அமிர்தவல்லியைக் காட்பாடியில் அவருடைய தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போவதாகத் திட்டம். அம்மா மறுத்துவிட்டார். எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்: "சாயங்காலம் அவரு வருவாரு. வீடு பூட்டிக் கிடந்தா என்ன நினைப்பாரு?"

"புரியுதா மச்சி?" என்றான் குமரகுரு. "ஒரு ஸ்பாஞ்சுக்காக எங்கம்மா இந்த வீட்ல தன்னந்தனியா இருக்கப் போறாங்களாம். ராத்திரி ஒரு நெஞ்சுவலின்னா யாருக்குத் தெரியும்? மீனுக்கா?"

புதுத் தொட்டி ஒன்றுக்கு அளவெடுக்க நான் அவன் வீட்டுக்குப் போனது ஒரு மாலையில். அமிர்தவல்லியம்மா டீ கொண்டுவந்தார். எனக்கொன்று, அவனுக்கொன்று. இன்னொரு டம்ளரைத் தொட்டி ஸ்டாண்டின் மேல், சமையலறைப் பக்க ஓரத்தில் வைத்தார்.

"அது யாருக்கும்மா?" என்றேன்.

"செத்த பொறு பிரான்சிசு. வர்ற நேரந்தான்."

தொட்டியின் பின்சுவர் நெடுக ஒரு குழாய் ஓடியது. அதில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டி மோட்டார் வால்வு. எந்த வால்வு திறக்கிறதோ அந்த இடத்தில் தண்ணீர் மேலே லேசாகக் குமிழும். வாசல் பக்க மூலையில் இப்போது அப்படிக் குமிழ்ந்தது. பிறகு அந்தக் குமிழ்வு சமையலறைப் பக்கமாக வந்தது. அலை மாதிரி ஓடி வரவில்லை. நடந்து வந்தது. ஓர் அடி, ஓர் இழுப்பு. ஓர் அடி, ஓர் இழுப்பு. உள்ளே இருந்த ஆஸ்கார் மீன்கள் நாலும் கண்ணாடியை ஒட்டி, வெளியே நடக்கிற ஒருவரின் முகத்தைப் பார்க்கிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டு, கூடவே நகர்ந்தன. நடுவில் ஓரிடத்தில் அது நின்றது. மீன்களும் நின்றன.

மீன்கள் பார்த்த இடத்தில் யாரும் இல்லை. நானும் பார்த்தேன்.

"செருப்பைக் கழட்டுறாரு" என்றார் அம்மா.

மறுபடி நடை. டீ டம்ளர் இருந்த ஓரத்துக்கு வந்ததும் வால்வு இரண்டு தரம் சொடுக்கியது. டக், டக். அம்மா ஒரு சிட்டிகை தீனியை எடுத்துத் தூவினார். "இன்னிக்கு லேட்டு. பாடி மேம்பாலத்துல ஜாம் போல, இல்லங்க?" என்று தண்ணீரிடம் கேட்டார்.

குமரகுரு எழுந்தான். இல்லாத தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தொட்டி முன்னால் நின்று, "யோவ் கண்டக்டரே! இன்னா தண்ணிக்குள்ளயே நிக்கிற? படியில தொங்குற மீனெல்லாம் உள்ள ஏறு, உள்ள ஏறு!" என்றான். அவனுக்கு நகைச்சுவை வராது என்றேன் அல்லவா, அதற்கு இதுவே சான்று.

"அப்பாவ அப்படிப் பேசாதடா."

"அப்பா இல்லம்மா இது, பாக்டீரியா! மீன் கடையில ஞாபக மருந்துன்னு பாட்டில்ல விக்கிறானே, அப்பா வாங்கி ஊத்துனாரே, அது. எந்த ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் வழவழன்னு ஒரு படலம் வளரும், மீனோட கழிவைத் தின்னும். இந்த ரகம் ஒண்ணுக்கொண்ணு மின்சாரத்துல பேசிக்கும், அவ்ளோதான். தரை அதிர்றது அதுக்குத் தெரியும். எந்த அதிர்வுக்கு அப்புறம் சோறு வருதோ அதை மனப்பாடம் பண்ணிக்கும். ரெண்டு கம்பி வழியா அதுவே வால்வைத் திறக்கும், மூடும். அப்பா வருஷக்கணக்கா வாசல்லேர்ந்து காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, கண்ணாடியில ரெண்டு தட்டு தட்டி, தீனி போட்டாரு. இப்பவும் அதே நேரத்துக்கு நீ போடுற. அதனால அது மறக்கல. வெறும் அழுக்கும்மா அது!"

"ஃபோட்டோவும் வெறும் காகிதந்தான்" என்றார் அம்மா. "அதுக்கு நீதானே மாலை வாங்கிப் போட்ட?"

பதில் இல்லாதவர்கள் பெரும்பாலும் கடைக்குப் போய்க் குழாய் வாங்குவார்கள். குமரகுருவும் வாங்கினான்.

அவன் திட்டம் பெரியது. எட்டடித் தொட்டி. தானே தீனி போடுகிற இயந்திரம், தானே எரிந்து அணைகிற விளக்கு. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாலும் தன்பாட்டுக்கு ஓட வேண்டும். மனிதர் யாரும் தேவையில்லை, முக்கியமாக இறந்துபோனவர்கள். அம்மாவிடம் "உனக்கு என்னோட பரிசு" என்று மட்டும் சொன்னான். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பழைய ஸ்பாஞ்சைப் புதுத் தொட்டியில் போட வேண்டும்.

அதில் விசித்திரம் ஒன்றுமில்லை. மீன் வளர்க்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். புதுத் தொட்டியில் பாக்டீரியா சேரும்வரை மீன் தாங்காது. அதனால் தெரிந்தவர் வீட்டு ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சு வாங்கிவந்து போடுவோம்.

"உறை குத்துற மாதிரி" என்றார் அம்மா.

"அதேதாம்மா. ஒண்ணே ஒண்ணு, பைப்புத் தண்ணியில மட்டும் ஸ்பாஞ்சைக் கழுவிடக் கூடாது. குளோரின் போட்டு விடுறாங்கல்ல, மொத்தமும் செத்துப்போகும். தொட்டித் தண்ணியிலதான் அலசணும்."

அம்மா தலையாட்டினார். குமரகுருவும் கவனமாகக் கேட்டுக்கொண்டான். வகுப்பில்கூட அவன் அவ்வளவு கவனமாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வேலை ஆரம்பித்தது. தொட்டிக்குக் கீழே ஒரு சம்ப் வைக்க வேண்டும் என்றதும், "கீழ ஏற்கெனவே சம்ப் இருக்கே, மோட்டர் போட்டாத் தண்ணி வருமே" என்றார் அம்மா. இது வேறு சம்ப், அலமாரிக்குள் அடங்குகிற கண்ணாடித் தொட்டி என்று விளக்கினேன். மேலே நிரம்பி வழிகிற தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கி, துணிப்பை, ஸ்பாஞ்சு, பீங்கான் வளையங்கள் எல்லாவற்றையும் தாண்டி, பம்ப் வழியாக மறுபடி மேலே ஏறும். ஏறுகிற குழாயில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒரு சின்ன ஓட்டை போட்டேன். கரண்ட் போனால் குழாய் அந்த ஓட்டை வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு நின்றுவிடும். இல்லாவிட்டால் மேலே இருக்கிற தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கி, சம்ப் வழிந்து கீழ்வீட்டுக்காரர் தலையில் விழும். குமரகுரு இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்து, "தியரிட்டிக்கலா சரிதான்" என்று அனுமதி கொடுத்தான்.

தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தபோது இறங்குகிற குழாய் காற்றை விழுங்கிக் கரகரத்தது. யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி. எல்லாத் தொட்டியிலும் முதலில் அப்படித்தான் இருக்கும், வால்வைக் கொஞ்சம் மூடினால் அடங்கிவிடும். மூடப் போனேன். அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து, எங்களைத் தாண்டிப் போய், வாசல் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

"பார்த்தியா?" என்றான் குமரகுரு. "இதுக்குத்தான்டா."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மீன்களைப் பிடித்து டிரம்மில் விட்டாயிற்று. பழைய தொட்டி மட்டும் வெறும் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தார். குமரகுரு குளியலறைக் குழாயில் ஒரு ஹோஸைச் செருகி, கூடம்வரை இழுத்துவந்து, ஃபில்டர் பெட்டியைத் திறந்து நுனியை ஸ்பாஞ்சின் மேல் வைத்தான்.

"டேய், அது பைப்புத் தண்ணி."

"தெரியும்."

"கம்பியையாவது கழட்டுடா."

"எதுக்கு? ஓடட்டும். எப்படி நிக்குதுன்னு பார்க்கணும்."

குழாயைத் திறந்தான். ஸ்பாஞ்சிலிருந்து டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. கூடம் முழுக்க பிளீச்சிங் பவுடர் வாடை. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு, நல்ல வெயில் வேளையில், வாசல் பக்க மூலையில் தண்ணீர் குமிழ்ந்தது.

நடை ஆரம்பித்தது. மாலையில் பார்த்ததைவிட வேகமாக. அடி, இழுப்பு, அடி, இழுப்பு. வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர் போல. தொட்டியின் நடுவில், கீழே குனிந்து உட்கார்ந்திருந்த குமரகுருவின் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டக், டக்.

அவ்வளவுதான். தண்ணீர் மட்டமாகிவிட்டது. சுற்றுகிற மின்விசிறி அதில் தெளிவாகத் தெரிந்தது.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"டிரான்சியன்ட்" என்றான் குமரகுரு. "சாகும்போது கடைசியா ஒரு மின்சாரத் துடிப்பு வரும். எதிர்பார்த்ததுதான்." சொல்லிக்கொண்டே தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். அது கலையவே இல்லை.

மதியம் முருங்கைக்காய் சாம்பார். சொன்ன நேரத்துக்குள் சொன்னதைச் செய்து முடித்தவன் என்ற முறையில் அவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

கழுவிய ஸ்பாஞ்சைப் புது சம்பில் வைத்து, மீன்களை எட்டடித் தொட்டிக்கு மாற்றினோம். அன்று மாலை அம்மா வழக்கம்போல டீ கொண்டுவந்து அதன் ஓரத்தில் வைத்தார். இடம் மாறிவிட்டதோ என்று இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். டீயில் ஆடை படியும்வரை நின்றார். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு, "பெருசா இருக்குப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஏசவில்லை, அழவில்லை. மறுநாள் காட்பாடிக்குப் போகச் சம்மதித்தார். குமரகுரு எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து, அறிவியல் மனப்பான்மை பற்றிச் சால்னா ஆறும்வரை பேசினான்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் ஃபோன் செய்தான். "மச்சி, அம்மாவக் காணோம். பைக் எடுத்துட்டு வா."

தெருத் தெருவாகத் தேடினோம். கடைசியில் மூலக்கடை பஸ் ஸ்டாப்பில் இருந்தார். வந்து நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸின் பின்படிக்கும் ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்டக்டர், "ஏறும்மா, இல்ல ஒதுங்கும்மா! சக்கரத்துல வுழுந்து எங்க தாலிய அறுக்காத!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

குமரகுரு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். "என்னம்மா பண்ற இங்க?"

"நீ அன்னிக்கு ஸ்பாஞ்சைக் கழுவுனப்ப ரைட் கொடுத்துட்டாருடா. நான் உள்ளேர்ந்து கேட்டேன். ரெண்டு தட்டு தட்டுனா வண்டி கிளம்பிருச்சுன்னு அர்த்தம். வீட்டுக்கு வரல, அப்ப வண்டியிலதானே இருக்கணும்? எந்த வண்டின்னுதான் தெரியல."

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாள் ஒரு பஸ்ஸில் ஏறிச் செங்குன்றத்தில் இறங்கி நின்றவரை, தெரிந்த டிரைவர் ஒருவர் அழைத்துவந்து விட்டார். குமரகுரு செருப்பை ஒளித்துவைத்தான், வெறுங்காலோடு போனார். கதவைப் பூட்டினான். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து, "வழிய விடுங்க, இறங்கணும்" என்று அம்மா யாரிடமோ சொல்வது எனக்குப் படிக்கட்டுவரை கேட்டது. ராட்டர்டாம் என்ற சொல்லை அவன் அந்த நாட்களில் உச்சரிக்கவே இல்லை.

பிறகு கொஞ்ச நாள் அவனிடமிருந்து ஃபோன் இல்லை. ஒருநாள், "லீக் ஆகுது, வந்து பாரு" என்றான்.

போனேன். லீக் இருந்தது. காரணமும் உடனே தெரிந்தது. எட்டடித் தொட்டியின் பின்சுவர் நெடுக யாரோ புதிதாக ஒரு குழாய் பூட்டியிருந்தார்கள். வரிசையாகத் துளைகள், துளைக்கொரு குட்டி வால்வு. கசியாமல் இருக்க மரையில் சுற்றுகிற டெஃப்லான் டேப்பைத் தலைகீழாகச் சுற்றியிருந்தார்கள். தங்கப் பதக்க வேலை. அலமாரியைத் திறந்தேன். புது ஸ்பாஞ்சில் இரண்டு கம்பிகள். பக்கத்தில், காலியான ஞாபக மருந்துப் பாட்டில்.

"என்னடா இது?"

"ஒரு சோதனை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சாம்பிள் வேணும்ல."

"மீனெல்லாம் எங்க?"

"கடைக்காரன்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டேன். குறுக்க நெடுக்க ஓடி, அதுங்க அதிர்வு கலந்துடுது." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "முடிச்சுட்டியா? அப்ப நீ கிளம்பு மச்சி. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு."

அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று சமையலறைக்குள் போனேன். அமிர்தவல்லியம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

வாசல் கதவு திறக்கிற சத்தம். பிறகு கூடத்தில் ஒரு செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. அடி, இழுப்பு. அடி, இழுப்பு.

"டிக்கெட், டிக்கெட்" என்றது ஒரு கட்டைக் குரல். "யாரு இன்னும் வாங்கல?"

எழுந்து சமையலறை வாசல் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். குமரகுரு. அப்பாவின் செருப்பைப் போட்டிருந்தான், அது அவன் காலுக்குப் பெரிது. நடுவில் நின்று அதைக் கழற்றினான். சமையலறைப் பக்க ஓரத்துக்கு வந்து, காசால் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினான். மீன் இல்லாத தண்ணீரில் ஒரு சிட்டிகை தீனி தூவினான். அப்புறம் செருப்பை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போனான்.

"தினம் இப்படித்தான்" என்றார் அம்மா மெதுவாக. "ஆபீஸ் லீவு போட்டுட்டு நாலஞ்சு தடவை நடக்கிறான். எனக்குத் தெரியாதாம். அவரு தினமும் இதைச் சொல்லிக்கிட்டேதான் உள்ள வருவாரு, டிக்கெட் டிக்கெட்டுன்னு."

"அப்படியே அப்பா மாதிரி இருக்கும்மா."

"எங்க இருக்கு? படியில நின்னு நின்னு அவருக்குப் போனது வலது காலு. இவன் இடதை இழுக்கிறான். தட்டுறதும் இவன் அவசரம். சின்ன வயசுலேர்ந்தே எதையும் நிதானமாத் தட்ட மாட்டான், கதவானாலும் சரி."

"ஐயோ, சொல்லிடுங்கம்மா. தொட்டி தப்பாப் பழகிடும்."

அம்மா முறத்தில் இருந்த பூண்டுத் தோலை ஊதினார்.

"பழகட்டும்னுதான் சொல்லல" என்றார். "அவரு போயிட்டாரு பிரான்சிசு. எல்லா வண்டியிலயும் ஏறிப் பார்த்துட்டேன், இல்ல. இனிமே போகப் போறவன் இவன்தான். சீமைக்குப் போனவன் எப்ப வருவான்னு எவளுக்குத் தெரியும்?" அடுத்த பல்லை எடுத்து நகத்தால் கீறினார். "நான் காட்பாடிக்கெல்லாம் போகல. இவன் ஏர்போர்ட்டுக்குப் போறவரைக்கும் வாயைத் திறந்துடாத. சாயங்காலமானா எனக்கு இங்க யாராவது வரணும்ல?"

கூடத்தில் செல்ஃபோன் அடித்தது. வாசலில் நின்றுகொண்டிருந்த குமரகுரு எடுத்து, "விசா பேப்பர்தானே, நாளைக்குப் பேசலாம் சார்" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது, அவன் இன்னும் ஓர் அடிகூட எடுத்துவைக்காதபோது, தொட்டியின் வாசல் பக்க மூலையில் தண்ணீர் லேசாகக் குமிழ்ந்தது.

ஓர் அடி. ஓர் இழுப்பு.

அவன் அதைப் பார்த்தான். ஃபோனை அணைத்தான். சமையலறைப் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினான். நான் திரையை விட்டேன். துணியின் இடுக்கு வழியாகத் தெரிந்த அளவில், அது அவனுக்காக நிற்கவில்லை. கொஞ்சம் அவசரமான நடையில், அவனுடைய நடையில், தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. குமரகுரு பெரிய செருப்புக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, இடது காலை இழுத்தபடி, அதை எட்டிப் பிடிக்க விரைந்தான்.

"மெதுவாப் போங்கப்பா" என்று தண்ணீரிடம் சொன்னான். "இதோ வந்துட்டேன்."